ஆனி மாதத்தில் உவரிக் கடல் ஏன் சில்லிடுகிறது?

ஆனி பிறந்து ஒரு வாரம் இருக்கும். வெயில் ஒன்றும் குறைந்தபாடில்லை, காற்றுதான் ஆளைத் தள்ளியது. உவரிக் கரையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் கால் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். சித்திரை விடுமுறையில் இதே இடத்தில் தண்ணீர் ஆறின வெந்நீர் பதத்தில் இருந்தது. இப்போது மண்பானைத் தண்ணீர்.

கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்தார். “என்ன அண்ணாச்சி, கால் கூசுதோ? கச்சான் அடிக்கில்லா. இனி ஆவணி வரைக்கும் தண்ணி இப்படித்தான் கெடக்கும்.”

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். ஆழ்நீர் மேலெழுச்சி என்ற பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறேன். பெரு நாட்டுக் கடற்கரை, ஹம்போல்ட் நீரோட்டம், அங்கே அள்ளும் நெத்திலி, அதைத் தின்னும் பறவைகள் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன். வகுப்பில் பாதிப் பேருக்கு அரை மணி நேர பஸ் தூரத்தில் அதே காரியம் நடந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வலை தைத்தவர் ஒரே மூச்சில் காற்றையும் குளிரையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதானா, சரியென்றால் காற்றுக்கும் குளிருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று விசாரித்துப் பார்த்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

இடமும் காற்றும்

இன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக்குக் கடற்கரை கொஞ்சம்தான். கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, கூட்டப்பனை, கூடுதாழை, உவரி என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது மீதிக் கரை அங்கே போய்விட்டது. ஆனால் இந்தத் துண்டுக் கரையின் சாய்வு முக்கியம். கன்னியாகுமரியில் திரும்பும் கரை நேர் வடக்காகப் போவதில்லை, வடகிழக்காகச் சாய்ந்து போகிறது. உவரியில் கடலைப் பார்த்து நின்றால் நாம் பார்ப்பது ஏறக்குறைய தென்கிழக்கு.

கச்சான் என்பது மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் காற்று. வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை நிற்கும். குற்றாலத்தில் சாரலாக விழுவதும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கி முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுவதும் இந்தக் காற்றுதான். மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு வருவதால் நம் கரைக்கு வெறும் காற்றும் புழுதியும்தான் மிச்சம். ராதாபுரம் வட்டாரத்தில் ஆனி, ஆடியில் குடை விரித்தால் அது காற்றுக்குப் பறிபோவதற்குத்தான்.

அப்படியானால் கடல் குளிர்ந்ததற்கு மழைத் தண்ணீர் காரணமில்லை. ஆற்றுத் தண்ணீரும் இல்லை. தாமிரபரணி வடக்கே தள்ளிப் புன்னைக்காயலில் போய்ச் சேர்கிறது, பக்கத்து நம்பியாறு இந்த மாதங்களில் கடல் வரை ஓடினால் அதிசயம்.

மூன்றாவது சந்தேகம் கொஞ்சம் நியாயமானது. காற்று அடித்தால் ஈரம் ஆவியாகும், ஆவியானால் குளிரும். ஈரத்துணி சுற்றிய பானை குளிர்வதும் இப்படித்தான். கடலிலும் இது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் இது மட்டுமே காரணமென்றால் கரையோரமும் நடுக்கடலும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குளிர்ந்திருக்க வேண்டும். நடுக்கடலில் காற்று இன்னும் வலு, அங்கே அதிகம் குளிர்ந்தாலும் ஆச்சரியமில்லை. செயற்கைக்கோள்கள் கடல்மேல்மட்ட வெப்பத்தை அளந்து தரும் படங்களில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தியாவின் தென்முனையை ஒட்டி ஒரு குளிர்ந்த திட்டு தனியாகத் தெரிகிறது. சுற்றுக் கடலைவிடக் குளிர்ந்த அந்தத் திட்டுக்கு ஆய்வாளர்கள் குட்டிக் குளிர்க்குளம் என்ற பொருளில் பெயரே வைத்திருக்கிறார்கள். கோடைக்கும் ஆடிக்கும் நடுவில் மூன்று நான்கு டிகிரி இறங்குவது அங்கே சாதாரணம். கரையை ஒட்டித்தான் குளிர் அதிகம் என்றால் குளிர் மேலேயிருந்து வரவில்லை. கீழேயிருந்து வருகிறது.

காற்று ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம்

இங்கேதான் பிள்ளைகள் முழிப்பார்கள். காற்று கரையோடு சேர்ந்து அடிக்கிறது, அப்படியானால் தண்ணீரும் கரையோடு சேர்ந்துதானே ஓட வேண்டும்? கரையை விட்டு விலகி எப்படிப் போகும்?

நார்வேக்காரர் நான்சென் 1893 முதல் 1896 வரை ‘பிராம்’ என்ற கப்பலை வடதுருவப் பனிக்கட்டிக்குள் வேண்டுமென்றே சிக்கவைத்து மிதக்கவிட்டார். பனிக்கட்டி காற்று போகும் திசையில் போகாமல் 20 முதல் 40 டிகிரி வலப்பக்கம் ஒதுங்கியே நகர்வதைக் கவனித்தார். பூமி சுற்றுவதால்தான் இப்படி என்பது அவர் ஊகம். அதைக் கணக்காகப் போட்டுக் காட்டியவர் சுவீடனைச் சேர்ந்த எக்மன். 1905இல் வந்த அவருடைய கட்டுரையின் சாரம் இது: காற்று மேல் தண்ணீரை இழுக்கிறது. அந்தத் தண்ணீர் வட அரைக்கோளத்தில் வலப்பக்கம் திரும்புகிறது. அது தனக்குக் கீழே உள்ள அடுக்கை இழுக்க, அந்த அடுக்கு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்புகிறது. இப்படி ஒவ்வொரு அடுக்காக வேகம் குறைந்துகொண்டும் திரும்பிக்கொண்டும் போகிறது. சில பத்து மீட்டர் ஆழம் வரை எல்லா அடுக்கையும் கூட்டிப் பார்த்தால், மொத்தத் தண்ணீரும் காற்றுக்குச் செங்குத்தாக வலப்பக்கம் நகர்கிறது.

உவரிக்குத் திரும்புவோம். கடலைப் பார்த்து நில்லுங்கள். கச்சான் உங்கள் வலது தோளில் மோதி இடது பக்கம் போகிறது. காற்று போகும் திசையில் முகத்தைத் திருப்புங்கள். இப்போது உங்கள் வலப்பக்கம் எது? நடுக்கடல். மேல்தண்ணீர் போவது அங்கேதான்.

போன தண்ணீரின் இடத்தைக் கரை நிரப்ப முடியாது, கரை மண். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் செம்பால் மொண்டு ஊற்றினால் பக்கவாட்டிலும் அடியிலுமிருந்து ஊறி நிரம்புமே, அதே மாதிரி அடித் தண்ணீர் மேலே ஏறுகிறது. வேகம் ஒன்றும் அதிகமில்லை, நாளைக்குச் சில மீட்டர்தான். நம் ஊர்ப் பனையின் உயரம் ஏற நாலைந்து நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும்.

ஐப்பசிக்குப் பிறகு காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது கணக்கு அப்படியே தலைகீழ். காற்றின் வலப்பக்கம் இப்போது கரை. மேல்தண்ணீர் கரையில் வந்து முட்டி அமிழ்கிறது. அதே உவரி, அதே மணல், ஆனால் கால் கூசாது.

வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. பூமி சுழற்சியின் இந்தத் திருப்பும் வேலை துருவத்தில் அதிகம், நிலநடுக்கோட்டில் இல்லவே இல்லை. உவரி இருப்பது சுமார் 8 டிகிரி வட அட்சத்தில். திருப்பம் பலவீனமான இடத்தில் மேலெழுச்சியும் பலவீனமாகத்தானே இருக்கும் என்று நானே நினைத்திருந்தேன். எக்மன் கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஒரே வலுவுள்ள காற்று நகர்த்தும் தண்ணீரின் அளவு, திருப்பம் குறையக் குறையக் கூடுகிறது. மேலெழுச்சிக்குப் பேர்போன கலிபோர்னியாக் கரையில், 37 டிகிரியில், ஒரு காற்று நகர்த்துகிற தண்ணீரைப் போல நாலு மடங்கை அதே காற்று நம் தென்முனையில் நகர்த்திவிடும். நிலநடுக்கோட்டை மிகவும் நெருங்கினால் இந்தக் கணக்கே உடைந்துவிடும், அது வேறு. 8 டிகிரியில் உடையவில்லை.

கரம்பை மண்

குளிர்ந்த தண்ணீர் மேலே வந்தால் மீனுக்கு என்ன லாபம்? இதைச் சொல்ல நம் ஊர்க் குளத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. கோடையில் குளம் வற்றியதும் அடியில் கிடக்கும் கரம்பை மண்ணை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பார்கள். ஊரிலுள்ள இலைதழை, சாணம், வண்டல் எல்லாம் வருஷம் முழுவதும் குளத்தின் அடியில் போய்த் தங்கியிருக்கும். சத்து அங்கே கிடக்கிறது, பயிர் மேலே நிற்கிறது. வண்டிதான் இரண்டையும் சேர்த்துவைக்கிறது.

கடலுக்கும் இதே கஷ்டம். வெளிச்சம் மேலே மட்டும்தான் இருக்கிறது. செத்த உயிர்களும் கழிவுகளும் கீழே இறங்கி, அங்கே பாக்டீரியா அவற்றைச் சிதைத்து நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் என்று உப்புகளாக்குகின்றன. மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக, லேசாக, எண்ணெய் மாதிரி அடித் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு அந்தச் சத்தை மேலே விடாது. கோடையில் நம் கடல் நீலமாக, அழகாக, தெளிவாக இருப்பதற்குக் காரணம் அதில் தின்ன ஒன்றும் இல்லை என்பதுதான். ஆனியில் அது பச்சை பாய்ந்து கலங்கும்போது சுற்றுலா வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். கச்சான்தான் அங்கே கரம்பை வண்டி.

சத்து மேலே வந்ததும் முதலில் பெருகுவது டயாட்டம் என்கிற ஒற்றைச்செல் பாசி. கண்ணாடிப் பெட்டி போலச் சிலிக்கா ஓடு கட்டிக்கொண்டு வாழ்வது. வெளிச்சமும் உரமும் கிடைத்தால் ஒரு நாளிலேயே இரண்டு மடங்காகும் வேகம் அதற்கு உண்டு. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பின்னாலேயே வரும், அதற்குப் பின்னால் மீன்.

அடுத்த முறை வீட்டில் சாளை என்கிற மத்தி மீனை ஆயும்போது தலையைத் தூக்கி எறிவதற்கு முன் செவுளை விரல் நுனியால் விரித்துப் பாருங்கள். சிவந்த பகுதிக்கு உள்பக்கமாக, பேன் சீப்பின் பற்களைவிட நெருக்கமாக, வெள்ளை முட்கள் வரிசையாக நிற்கும். வாயைத் திறந்துகொண்டு நீந்த, தண்ணீர் வெளியே போய்விடும், பாசி அந்தச் சீப்பில் தங்கிவிடும். வயிற்றைக் கீறினால் மெல்லிய நீளமான குடல் சுருண்டு கிடக்கும், சில சமயம் உள்ளே பச்சையும் பழுப்புமாகக் களி மாதிரி இருக்கும். சிலர் அதை அழுக்கு என்று அலசுகிறார்கள். அதுதான் ஆனி மாதத்துக் கடல்.

சாளையின் மலிவுக்கும் இந்தச் சீப்புக்கும் தொடர்பு இருக்கிறது. கடலில் ஒன்றை ஒன்று தின்னும் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது சாப்பாட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் உடம்பாக மிஞ்சும், மீதி ஓடியாடவும் மூச்சுவிடவும் செலவாகிவிடும். சூரையோ நெய்மீனோ பாசியிலிருந்து மூன்று நாலு படி தள்ளி நிற்பவை. சாளை முதல் படியிலேயே கை நீட்டி வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் மேலெழுச்சி நடக்கும் கடல்களில் எல்லாம் சாளை, நெத்திலி வகை மீன்கள் மலை மலையாக விழுகின்றன. உலகக் கடல்பரப்பில் இப்படிப்பட்ட பகுதிகள் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் வரும். உலகம் பிடிக்கும் கடல்மீனில் ஐந்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது என்பது பொதுவான கணக்கு. நெய்ச்சாளை முட்டையிடுவதும் பெரும்பாலும் இந்த ஆனி, ஆடியை ஒட்டித்தான். குஞ்சு கண் திறக்கும்போது சோறு தயாராக இருக்க வேண்டுமே. மழைக்காலம் கழிந்து வரும் சாளையைச் சட்டியில் போட்டால் அதன் நெய்யிலேயே பொரிவது இதன் மிச்சம்தான்.

நம் கரைக்கு இன்னொரு கொடுப்பினை, குமரிமுனைக்குத் தெற்கே பரந்து கிடக்கும் வாட்ஜ் பாங்க். சிலர் அதை ‘வாட்ஜ் வங்கி’ என்று மொழிபெயர்த்து எழுதுகிறார்கள், பணம் போட்டு எடுக்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். கடலுக்கடியில் உள்ள பரந்த மேடு, சுமார் 10,000 சதுர கிலோமீட்டர். ஆழம் குறைவு, அடியில் பார்கள் என்கிற, பாறையும் மணலும் கலந்த திட்டுகள். மேலே சத்து ஏறுகிற இடம், கீழே ஒளிந்து வாழ இடம். கலவா, கணவாய், சூரை என்று எல்லாம் அங்கே கூடும். ஒரு காலத்தில் இலங்கைக் கப்பல்களும் இங்கே வந்து மீன் பிடித்தன. 1976இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அது இந்தியாவின் பகுதி என்று முடிவாயிற்று.

கணக்கு இடிக்கிற இடங்கள்

இவ்வளவும் சொன்னதும் வலை தைத்தவர் ஒரு கேள்வி கேட்டார். “காத்து நல்லா அடிச்ச வருஷமெல்லாம் மீன் விழுந்திருக்கணுமே அண்ணாச்சி? விழல்லியே.”

விழவில்லைதான். அதற்கு ஒரு பதில் இல்லை, பல பதில்கள் இருக்கின்றன.

காற்று அளவோடு அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தால் சத்து ஏறாது. வெறிகொண்டு அடித்தால் சத்து ஏறும், ஆனால் பாசியும் மீன்குஞ்சுமாக மேல்தண்ணீரோடு நடுக்கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். உலகின் பல மேலெழுச்சிக் கடல்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் வினாடிக்கு 5, 6 மீட்டர் வேகக் காற்றுதான் சாளை வகை மீனின் குஞ்சுகளுக்குத் தோது என்கிறார்கள். அடிப்பதும் கொஞ்சம் ஓய்வதுமாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், மேலே வருகிற தண்ணீர் எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்பது. குளிர்ந்த அடுக்கு மேலே நெருங்கி நின்றால் லேசான காற்றே அதை எட்டிப் பிடிக்கும். ஆழத்தில் தங்கிவிட்டால் எவ்வளவு அடித்தாலும் வெதுவெதுப்பான தண்ணீரேதான் சுற்றிச் சுற்றி வரும். அந்த அடுக்கு ஏறி இறங்குவதை நம் காற்று மட்டும் தீர்மானிப்பதில்லை. வங்கக் கடலிலும் இலங்கையைச் சுற்றியும் கிளம்புகிற மெதுவான, நீண்ட அலைகள் கடலின் உள்ளே கரையை ஒட்டியே ஊர்ந்து, குமரியைச் சுற்றிக்கொண்டு மலையாளக் கரைக்குப் போகின்றன. அவை குளிர் அடுக்கைத் தூக்கியும் விடும், அமுக்கியும் விடும். அதனால்தான் அந்தக் கரையில் கச்சான் வலுப்பதற்கு வெகு முன்பே அடித் தண்ணீர் ஏறத் தொடங்கிவிடுகிறது. எங்கோ அடித்த காற்றின் கணக்கு நம் கரையில் வந்து தீர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே வரும் தண்ணீரில் ஒரு குறையும் உண்டு. பாக்டீரியா அங்கே எல்லாவற்றையும் சிதைத்ததால் சத்து மிகுதி, பிராணவாயு குறைவு. இந்தத் தண்ணீர் கரையோரம் பரவும்போது அடியில் வாழும் மீனும் நண்டும் இறாலும் மூச்சுக்காக ஒதுங்கும். ஒதுங்கி வரும் வழியில் வலை இருந்தால் சில நாளுக்கு அள்ளலாம், அப்புறம் அதே இடம் வெறிச்சென்று கிடக்கும். கொச்சிப் பக்கம் 1950களின் கடைசியிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள், மேலெழுச்சி மாதங்களில் கடலடியில் அடிமடி வலை இழுத்தால் மீன் இல்லை. பச்சைத் தண்ணீர் என்றாலே நல்ல காலம் என்று நான் வகுப்பில் சொன்னது பாதி உண்மைதான்.

மீதிக் குற்றத்தைக் கடலின்மேல் போட முடியாது. பக்கத்துக் கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் நெய்ச்சாளை பிடித்தார்கள். 2021இல் கிடைத்தது சுமார் 3,300 டன். கடல் சூடேறியது, சில வருஷங்களுக்கு ஒருமுறை பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. குஞ்சு மீனைக்கூட விடாமல் வாரியதும் அதே பட்டியலில் இருக்கிறது. பெருவிலும் இதே கதைதான். 1970இல் 1 கோடி டன்னுக்கு மேல் நெத்திலி பிடித்தவர்கள், 1972 எல் நினோ வந்து மேலெழுச்சி படுத்ததும் மூன்றே வருஷத்தில் 20 லட்சம் டன்னுக்கும் கீழே போனார்கள். எல் நினோ புதிதல்ல, அதற்கு முன்பும் வந்து போனதுதான். அவ்வளவு வலை போட்டிருந்த கடலில் வந்ததுதான் புதிது.

மேகம் மறைக்கிற மாதம்

ஐதராபாத்தில் இருக்கும் தேசியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ், செயற்கைக்கோள் படங்களில் தண்ணீரின் குளிரையும் பச்சையையும் பார்த்து, எங்கே மீன் கூட வாய்ப்பு உண்டு என்று மீனவர்களுக்குச் செய்தி அனுப்புகிறது. குளிரும் சூடும் சந்திக்கிற எல்லையில் மீன் கூடும் என்பது அதன் அடிப்படை. நல்ல ஏற்பாடு. ஆனால் கச்சான் காலத்தில் தென்முனைக்கு மேல் மேகம் மூடிக் கிடக்கும், கடலின் பச்சையைப் பார்க்கும் கருவி மேகத்தை ஊடுருவாது. மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் வேறுவகைக் கருவிக்குக் கரையோரம் துல்லியமாகத் தெரியாது. கடல் மும்முரமாக வேலை செய்யும் நாட்களில்தான் வானத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கண் மறைகிறது.

வலை தைத்தவரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு அதில் பெரிய வருத்தமில்லை. “மேகம் மறைச்சா என்ன, காலு மறைக்குமா?” என்றார். அன்று பேச்சுவாக்கில் ஒரு யோசனை சொன்னேன். தண்ணீர் முதலில் சில்லிட்ட நாளைக் குறித்து வைத்தால் என்ன?

போன மாசம் அவர் வீட்டுக்குப் போனபோது சுவரில் ஒரே ஆணியில் இரண்டு வருஷத்துத் தினசரிக் காலண்டர் அட்டை தொங்கியது. தாள் கிழித்த பிறகு மிஞ்சும் அட்டையின் பின்பக்கத்தில் மாசத்துக்கு ஒரு வரிசையாகத் தேதிகள் எழுதியிருந்தார். தண்ணீர் குளிர்ந்த நாளில் பென்சில் கோடு, பச்சை பாய்ந்த நாளில் ஒரு புள்ளி, சாளை வலையில் ஏறிய நாளில் வட்டம். கடலுக்கே போக முடியாத நாட்களுக்குப் பெருக்கல் குறி, அதுதான் ஆனியிலும் ஆடியிலும் அதிகம். கோட்டுக்கும் வட்டத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டு வருஷத்திலும் ஒன்றாக இல்லை. ஏன் என்று அவர் என்னைக் கேட்டார். மூன்றாவது அட்டையும் வரட்டும் என்றேன்.